பட்டியலில் முதலிடம் பாடகிக்கு! பணப்பெட்டி யாருக்கு?

பெண்கள் பாட்டுலகைப் பிடித்துவிட்டார்கள், இனிப் பெண்ணடிமை எங்கே இருக்கிறது என்று முதலாளிப் பத்திரிகைகள் முரசு கொட்டுகின்றன. ஆதாரம் என்னவென்றால், அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வாராவாரம் வெளியாகும் பாட்டு விற்பனைப் பட்டியலை எடுத்து நீட்டுகின்றன.

பட்டியல் பொய்யல்ல. பிரிட்டனில் இது 1952 நவம்பரில் தொடங்கியது. 1953 ஜனவரியிலேயே ஜோ ஸ்டாஃபோர்டு என்ற பாடகி முதலிடம் பெற்றார். அமெரிக்காவில் ‘பில்போர்டு’ பத்திரிகையின் நூறு பாட்டுப் பட்டியல் 1958 ஆகஸ்டில் பிறந்தது. 1960-ல் கோனி ஃபிரான்சிஸ் அதன் உச்சியில் நின்றார். அன்று முதல் இன்று வரை தனியாகப் பாடி அந்த இடத்தைப் பிடித்த பெண்கள் பலர். அவர்களுடைய திறமையை மறுப்பவன் காதில்லாதவன்.

மேல்நாட்டுக் கூத்து நமக்கெதற்கு என்று முகத்தைச் சுளிக்கும் நண்பர்களும் உண்டு. அவர்களுக்கு ஒன்று சொல்வோம். பாடுவது உழைப்பு. நெசவாளிக்குக் கை எப்படியோ, பாடகிக்குத் தொண்டை அப்படி. உழைப்பு என்று வந்துவிட்டால் நாம் கேட்க வேண்டிய கேள்வி இரண்டுதான். கூலி என்ன? விளைச்சல் யார் வீட்டுக்குப் போயிற்று?

வாரம் 50 டாலர்!

ஈவா பாய்டு என்ற கறுப்பினப் பெண் வட கரோலினா மாகாணத்தில் பிறந்தவர். நியூயார்க்குக்கு வந்து, ஜெரி காஃபின் – கரோல் கிங் என்ற பாட்டெழுதும் தம்பதியின் வீட்டில் குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலை செய்தார். சம்பளம் வாரம் 35 டாலர். அந்தத் தம்பதி எழுதிய ‘லோகோமோஷன்’ என்ற பாட்டை அவரைப் பாட வைத்தார்கள். ‘லிட்டில் ஈவா’ என்று பெயர் சூட்டி இசைத்தட்டு வெளியிட்டார்கள். 1962 ஆகஸ்டில் அது அமெரிக்காவின் முதல் பாட்டாயிற்று. அப்போது அவருக்கு வயது 19.

சம்பளம் எவ்வளவு உயர்ந்தது? வாரம் 50 டாலர்! நாடு முழுவதும் ஆடிய பாட்டுக்குப் பதினைந்து டாலர் உயர்வு. அவர் பாடிப் பதிவான எதிலும் அவருக்கு உரிமை கிடையாது. 1974-ல் வேறொரு குழு அதே பாட்டைப் பாடி மறுபடியும் முதலிடத்துக்குக் கொண்டுபோனது. அதற்கு மூன்றாண்டு முன்பே, 1971-ல், ஈவா பாட்டுத் தொழிலை விட்டிருந்தார். வெறுங்கையுடன், மூன்று குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு சொந்த மாகாணத்துக்குத் திரும்பிக் கிடைத்த வேலையைச் செய்தார். 2003-ல் இறந்தார்.

இதுவா பெண்ணின் வெற்றி? வெற்றி பெற்றது தட்டு. தட்டு கம்பெனியுடையது.

சட்டம் யார் பக்கம்?

ஏமாந்த ஒரு பெண்ணின் கதை இது என்று சிலர் தள்ளிவிடப் பார்ப்பார்கள். சட்டத்தையே பார்ப்போம். அமெரிக்காவில் சாதாரண ரேடியோ நிலையம் ஒரு பாட்டை ஒலிபரப்பினால் எழுதியவருக்கும் பதிப்பித்த கம்பெனிக்கும் பணம் உண்டு. பாடியவருக்கு ஒரு காசு கிடையாது! பிரிட்டன் முதலிய நாடுகளில் பாடியவருக்கும் பங்கு உண்டு. அமெரிக்காவிலோ செயற்கைக்கோள் ரேடியோவுக்கும் இணையத்துக்கும் 1995-ல் உரிமை கொடுத்த சட்டம், பழைய ரேடியோ முதலாளிகளைத் தொடாமல் விட்டுவிட்டது.

அரிதா பிராங்க்ளின் ‘ரெஸ்பெக்ட்’ என்ற பாட்டைப் பாடி 1967-ல் முதலிடத்துக்கு ஏற்றினார். மரியாதை கொடு என்று கேட்கும் பாட்டு அது. எழுதியவர் ஓடிஸ் ரெடிங். அன்று தொட்டு 2018-ல் அரிதா கண்மூடும் வரை அமெரிக்க ரேடியோ அந்தக் குரலை வைத்து விளம்பரம் விற்றது. அந்த ஒலிபரப்புக்காக அவருக்குச் சேர வேண்டியது என்று சட்டம் எதையும் வைக்கவில்லை. மரியாதை பாட்டில் இருந்தது, கணக்கில் இல்லை!

முன்பணம் என்னும் தூண்டில்

பண்ணையார் கல்யாணத்துக்கும் சாவுக்கும் கடன் கொடுத்து ஆளைப் பிடித்துப் போட்ட வித்தை நம் விவசாயத் தொழிலாளருக்குப் புதிதல்ல. இசைத்தட்டு ஒப்பந்தமும் அதே ஜாதிதான். கம்பெனி முன்பணம் கொடுக்கும். பிறகு பாட்டைப் பதிவு செய்த செலவையும் பாடகியின் பெயரில் பற்று எழுதும். அவருக்குரிய சிறு பங்கிலிருந்து இவ்வளவும் கழிந்த பிறகே கையில் காசு. கடன் அடைந்த பின்பும் பதிவு கம்பெனியின் சொத்து. கடனைக் கட்டி முடித்தாலும் நிலம் பண்ணையாருக்கே!

டோனி பிராக்ஸ்டன் பாடிய ஒரு பாட்டு 1996 டிசம்பர் தொடங்கிப் பதினொரு வாரம் அமெரிக்காவில் முதலிடத்தில் நின்றது. 1998 ஜனவரியில் அவர் கோர்ட்டில் மஞ்சள் கடுதாசி கொடுத்தார்.

கம்பெனியை விட்டுப் போகலாமே என்பார்கள். கலிபோர்னியாவில் எந்த உழைப்பாளியையும் ஏழாண்டுக்கு மேல் ஒப்பந்தத்தால் கட்டிவைக்க முடியாது என்று சட்டம் உண்டு. நடிகை ஒலிவியா டி ஹாவிலண்ட் ஒரு பெரிய சினிமாக் கம்பெனியோடு வழக்காடி 1944-ல் அந்த உரிமையை நிலைநாட்டினார். இசைத்தட்டு முதலாளிகள் சும்மா இருந்தார்களா? 1987-ல் சட்டத்தைத் திருத்த வைத்தார்கள். ஏழாண்டு முடிந்து விலகினாலும், பாடிக் கொடுக்காத தட்டுகளுக்காகப் பாடகர் மீது நஷ்டஈட்டு வழக்குப் போடலாம்! எல்லாத் தொழிலாளிக்கும் திறந்த கதவு பாடகிக்கு மட்டும் பாதி மூடிற்று.

பிரிட்னி ஸ்பியர்ஸ் கதையோ இன்னும் கொடுமை. 2008 முதல் 2021 வரை அவருடைய சொத்தும் வாழ்வும் கோர்ட் நியமித்த பாதுகாவலர் கையில் இருந்தன. அந்தக் காலத்தில்தான் 2008, 2009, 2011 ஆகிய ஆண்டுகளில் அவர் பாட்டுகள் முதலிடம் பெற்றன. ஊர் ஊராகக் கச்சேரியும் நடத்தினார். சம்பாதிக்கத் தகுதி உண்டு, சம்பாதித்ததை ஆளத் தகுதி இல்லையாம்!

ஜனங்களின் தீர்ப்பா?

பட்டியல் மக்களின் ஓட்டு என்று சொல்கிறார்கள். 1991 நவம்பர் வரை அமெரிக்கப் பட்டியலுக்குக் கடைக்காரர்கள் சொன்னதே விற்பனைக் கணக்கு. ரேடியோக்காரர்களுக்குக் கம்பெனிகள் லஞ்சம் கொடுத்துப் பாட்டை ஒலிக்கவைத்த ஊழல் 1959–60-ல் அமெரிக்கப் பார்லிமெண்டின் விசாரணையில் நாறியது. 1960-ல் அது குற்றமென்று சட்டம் வந்தது. 2005-ல் என்ன நடந்தது? சோனி பிஎம்ஜி கம்பெனி இதே புகாரில் நியூயார்க் மாகாண அட்டர்னி ஜெனரலுக்கு ஒரு கோடி டாலர் கொடுத்து ராஜி செய்துகொண்டது.

ஜெயித்தவர்கள் சொல்லும் பாடம்

கோடீசுவரிப் பாடகிகள் இல்லையா என்று கேட்பார்கள். இருக்கிறார்கள். அவர்கள் எப்படித் தப்பினார்கள் என்று பாருங்கள்.

டாலி பார்ட்டன் 1974-ல் தானே எழுதிப் பாடிய ‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’ பாட்டை எல்விஸ் பிரெஸ்லி பாட விரும்பினார். பதிப்புரிமையில் பாதியைக் கொடு என்றார் எல்விஸின் மானேஜர். டாலி மறுத்தார். 1992-ல் விட்னி ஹூஸ்டன் பாடியபோது அந்தப் பாட்டு பதினான்கு வாரம் முதலிடத்தில் நின்றது. எழுதி உரிமையைக் கைவிடாத டாலிக்கு ரேடியோப் பணம் வந்தது. குரல் கொடுத்த விட்னிக்கு அந்த ரேடியோப் பணம் கிடையாது.

டெய்லர் ஸ்விஃப்ட் பெரும் பணக்காரி. அவருடைய முதல் ஆறு ஆல்பங்களின் பதிவுகள் 2019-ல் கம்பெனியோடு சேர்த்து விற்கப்பட்டன. அவற்றில் நான்கை மறுபடி பாடிப் பதிவு செய்தார். மறுபடி பாடிய ஒரு பத்து நிமிஷப் பாட்டு 2021 நவம்பரில் முதலிடம் பெற்றது. 2025 மே மாதத்தில்தான் பழைய பதிவுகளை விலைகொடுத்து மீட்டார். கோடிக்கணக்கில் பணமுள்ளவரே தன் குரலைக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்ததென்றால், அந்தப் பணமில்லாதவர் கதி என்ன?

பாட்டுக்கு முன்னே வந்த சங்கம்

1981 பிப்ரவரியில் டாலி பார்ட்டனின் ‘ஒன்பது முதல் ஐந்து வரை’ முதலிடம் பெற்றது. ஆபீஸில் உழைக்கும் பெண்களின் பாட்டு அது. 1980-ல் வந்த அதே பெயருள்ள சினிமாவுக்காக எழுதியது. அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? 1973-ல் பாஸ்டன் நகரத்தில் டைப் அடிக்கும், கணக்கெழுதும் பெண்கள் கூடி வைத்த சங்கத்தின் பெயர் அது! பாட்டு வந்து பெண்களைக் கூட்டவில்லை. பெண்கள் கூடியதால் பாட்டு வந்தது. அதே 1981-ல் அவர்கள் ஆபீஸ் ஊழியருக்கென ஒரு தொழிற்சங்கப் பிரிவையும் அமைத்தார்கள்.

நண்பர்களே! அடுத்த முறை, பெண் உச்சிக்கு ஏறிவிட்டாள் என்று யாராவது பட்டியலை நீட்டினால் மகிழ்ச்சியாகவே பாட்டைக் கேளுங்கள். கேட்டு முடித்ததும் மூன்று கேள்வி கேளுங்கள்: பதிவு யாருடைய சொத்து? ஒப்பந்தத்தின் ஷரத்துகளை எழுதியவர் யார்? ரேடியோ கொடுத்த பணம் எங்கே போயிற்று?

பதில் வரும் வரை அந்த முதலிடம் கம்பெனியின் முதலிடமே! குரலுக்கு உடையவள் கூலிக்கும் உடையவள் ஆகட்டும். அன்று நாமே முரசு கொட்டுவோம்!