உண்டியலும் உரிமையும்



எங்கள் சேரியில் 19 வயசுப் பெண்ணுக்கு இதய வால்வு மாற்ற வேண்டும். காப்பீட்டுத் திட்டம் 2009லிருந்து இருக்கிறது. ஆனால் அட்டைக்கு வருமானச் சான்று வேண்டும். கூலிக்காரன் வருமானத்தை எழுதித் தர ஓர் அலுவலகத்துக்கு மாசக்கணக்கில் மனசு வரவில்லை. பிறகென்ன, உண்டியல் தூக்கினோம். மீதியை ஓர் அறக்கட்டளை தந்தது. நல்லது, உயிர் பிழைத்தாள். ஆனால் அவளை மேடையேற்றி, கையெடுத்துக் கும்பிடச் சொல்லிப் படம் எடுத்தார்கள். அவள் அப்பன் ஊர்த் தெருவில் காலமெல்லாம் கும்பிட்டது போதாதா?

நான் கேட்பது வேறு. அந்த நெஞ்சு ஏன் கெட்டது? விதி என்கிறார்கள். இல்லை. சின்ன வயசில் வந்த தொண்டைப் புண், கவனிக்காமல் விட்டதால் மூட்டுவலிக் காய்ச்சலாகி வால்வைத் தின்றிருக்கிறது. டாக்டர்கள் ருமாட்டிக் காய்ச்சல் என்பார்கள். ஒரே குடிசையில் ஏழெட்டுப் பேர் ஒண்டிப் படுத்தால் அந்தக் கிருமி சுலபமா தொத்தும். தொண்டைப் புண்ணுக்கு அப்போதே மருந்து கொடுத்திருந்தால் காய்ச்சலே வந்திருக்காது. வந்த பிறகும் 3 அல்லது 4 வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி என்று வருசக்கணக்கில் போட்டால் வால்வு மேலும் கெடாமல் காக்கலாம். மலிவான, பழைய ஊசி. பணக்கார நாடுகளில் இந்த நோய் ஏறக்குறைய ஒழிஞ்சு போச்சு. அதே பணக்கார ஆஸ்திரேலியாவில் பூர்வகுடிப் பிள்ளைகளை மட்டும் இன்னும் விடவில்லை. கிருமிக்குச் சாதி தெரியாது, குடியிருப்புக்குத் தெரியும்.

1932இல் தீண்டாமை ஒழிப்புச் சங்கத்தின் செயலாளர் தக்கருக்கு அண்ணல் அம்பேத்கர் கடிதம் எழுதினார். தனியாளைக் கைதூக்கி விடுகிற வேலையில் நிற்காதீர்கள், அவனை அமுக்குகிற சூழலை மாற்றுங்கள், கிணற்றுக்கும் பள்ளிக்கும் உரிமைப் போர் நடத்துங்கள் என்பது அதன் சாரம். கடிதம் வந்து சேர்ந்ததென்றுகூடப் பதில் வரவில்லை என்று பின்னால் அவரே பதிவு செய்தார். தர்மம் கேட்காத கடிதத்துக்குத் தர்மவான்கள் பதில் போடுவதில்லை.

அறுவையோடு முடிகிற கதையுமல்ல இது. உலோக வால்வு வைத்தால் ரத்தம் உறையாமலிருக்க ஆயுளுக்கும் மாத்திரை. அளவு பார்க்க அடிக்கடி ரத்தப் பரிசோதனை. பெரியாஸ்பத்திரிக்குப் போகிற பஸ் காசும் அன்றைக்கு இழந்த கூலியும் யார் கணக்கில்? அந்தப் படத்தில் இதெல்லாம் விழாது.

மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்த விவசாயக் கூலியை ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகத் திருப்பியனுப்பிய வழக்கில், அவசர சிகிச்சை உயிர்வாழும் உரிமையில் அடக்கம் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் சொன்னது. வழக்கை நடத்தியது விவசாயக் கூலிகள் சங்கம். நமக்கும் வழி அதுதான். சேரிப் பள்ளியில் ஒவ்வொரு பிள்ளையின் நெஞ்சையும் டாக்டர் வந்து பார்க்கணும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பென்சிலின் ஊசி தவறாமல் இருக்கணும். நோயாளியைச் சான்றுக்கு அலைய விடக் கூடாது. மாணவத் தோழர்கள் இந்த மூன்றையும் மனுவாக எழுதி, சேரிசேரியாகக் கையெழுத்து வாங்குங்கள்.

உயிர் அவசரம். தருகிற காசை வாங்குவோம். கும்பிடு மட்டும் கிடையாது.