கொட்டு நம்முது, ராத்திரி யாரோடது?

அந்தக் காலத்து ராத்திரிகளைப் பத்தி இப்போ நெறையப் பேர் உருகி உருகி எழுதுறாங்க. டூரிங் டாக்கீஸ் மணல் தரை, இலங்கை வானொலி, வேப்பமரத்துல கட்டின குழாய் ஸ்பீக்கர், விடிய விடியக் கூத்து. படிக்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அந்த ராத்திரியில் யார் உட்கார்ந்திருந்தார்கள், யார் நின்றார்கள், யார் தூரத்து இருட்டிலிருந்து காதை மட்டும் அனுப்பிவைத்தார்கள் என்பது மட்டும் அந்த எழுத்துகளில் வருவதில்லை. சாதியைக் கழித்துவிட்டு எழுதப்படும் ஞாபகம் வரலாறு ஆகாது.

ஆட்டையாம்பட்டின்னா வெளியூர்க்காரனுக்குக் கை முறுக்கு. உள்ளூர்க்காரனுக்குத் தறிச் சத்தம். வளவுக்காரங்களுக்கு அதோடு இன்னொரு சத்தமும் உண்டு: வைக்கோல் தீயில் காய்ந்து முறுகிய தோலின் சத்தம். எனக்குப் பதினாறு வயசு ஆனது 1976-ல். அடுத்த பத்து வருஷத்து ராத்திரிகளைத்தான் 'என் இளமை' என்று நான் சொல்ல முடியும். அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க நான் தயாரில்லை. அதே நேரம் அதைத் தேன் தடவி எழுதவும் தயாரில்லை.

மாரியாத்தா நோம்பியை எடுத்துக்குங்க. பூச்சாட்டி, கம்பம் நட்டாச்சுன்னா எங்க பக்கத்து ஊர்களுக்கெல்லாம் ராத்திரிதான் பகல். மூணு கெளை விட்ட கம்பத்தைச் சுத்தி எளவட்டங்க ஆடுவாங்க. நான் பார்த்த நோம்பிகளில் எல்லாம் ஆடுற கால் ஊர்க்காரங்களுது. ஆட வெக்கிற கை நம்மாளுங்களுது. அடி மாறினால் ஆட்டம் மாறும். வேகம் கூட்டினால் அத்தனை பேருக்கும் மூச்சு முட்டும். அந்த நேரத்துக்கு அந்த ஊரையே ஆட்டிவெச்சவன் எங்க சித்தப்பன். ஆனா கம்பத்துக்குப் பக்கத்துல போக அவருக்கு உரிமை கெடையாது. பத்து வயசுப் பையன் 'டேய், நல்லா அடிடா'ன்னுவான். இவர் 'சரிங்க சாமி'ன்னுவார். தாளத்தின் அதிகாரம் இவருக்கு. மரியாதையின் அதிகாரம் அவனுக்கு. நம்ம கலைகளின் மொத்த அரசியலும் இந்த ரெண்டு வாக்கியத்துக்குள் அடங்கிவிடும்.

அதே கைதான் சாவுக்கும் அடிக்கணும். ராத்திரி பூராவும், பொணம் எடுக்குற வரைக்கும். கூலி என்ன? கொஞ்சம் தானியம், ஒரு வேட்டி, அப்புறம் சாராயம். காசு குடுக்க மனசில்லாதவங்க சாராயம் குடுக்க மட்டும் தயங்கினதே இல்லை. குடிக்க வெச்சுட்டு, 'கொட்டடிக்கிறவன் குடிகாரன்'னு பேரும் வெச்சாங்க. 1987-ல் கள்ளுக்குத் தடை வந்தது. 1991-ல் மலிவு விலைச் சாராயம் ஒழிந்தது. 2003-லிருந்து அரசாங்கமே சில்லறையில் விற்கிறது. கடை மாறிக்கிட்டே இருந்தது. கூலியை ஊத்திக் குடுக்குற வழக்கம் மாறுவதற்கு நாம் சண்டை போட வேண்டியிருந்தது.

1976 என்றால் 'அன்னக்கிளி' வந்த வருஷம். பண்ணைப்புரத்திலிருந்து வந்த ஒருத்தரின் பேர் குழாய் ஸ்பீக்கர் வழியாக எல்லாத் தெருவுக்கும் போனது. அந்தச் சகோதரர்களில் மூத்தவர் பாவலர் வரதராசன் கம்யூனிஸ்ட் மேடைகளில் பாடியவர். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் அவர் பாட்டுக்குத் தனி இடம் உண்டு. சினிமா இசையின் பின்னால் இப்படி ஒரு தெருமேடை வரலாறு இருப்பதை நம்ம மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்பீக்கருக்குச் சாதி தெரியாது, சத்தம் வளவுக்குள்ளும் வந்து விழும். ஆனா ஸ்பீக்கர் கட்டுறவனுக்குத் தெரியும். எங்க வளவுக் கல்யாணம் ஒண்ணுல சொந்தக் காசுல மைக் செட் வெச்சதுக்கு ஊர்ல பஞ்சாயத்துக் கூட்டினாங்க. அந்த ராத்திரி பாட்டு நின்னு போச்சு. பாட்டு என்ன பாட்டு என்பது அவங்களுக்குப் பிரச்சினை இல்லை. நம்ம சந்தோஷம் ஊருக்குக் கேட்டதுதான் பிரச்சினை.

அதே 1976-ல் டெல்லியில் ரெண்டு காரியம் நடந்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. தீண்டாமைக் குற்றச் சட்டத்தைத் திருத்தி, குடியியல் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாற்றி, தீண்டாமையின் பேரில் இழிதொழில்களைக் கட்டாயப்படுத்துவதைக் குற்றமாக்கினார்கள். பிறகு 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் கட்டாய வேலையைக் குற்றம் என்றது. 'அன்னக்கிளி' பாட்டு ஒரே மாசத்தில் எங்க வளவுக்கு வந்து சேர்ந்தது. சட்டம் வந்து சேர எத்தனை வருஷம் ஆனது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், தோழர்களே.

கூத்துக்கு வருவோம். மதுரைவீரன் கதை கட்டினாங்கன்னா எங்க வளவே திரண்டு போகும், ஓரத்துல உக்காந்தாலும். ஏன்னா அவன் நம்மாளு. ஆனா கதையில் அவன் காசி ராசாவுக்குப் பிறந்து காட்டில் விடப்பட்டு, சக்கிலியர் வீட்டில் வளர்ந்தவன். 1956-ல் எம்.ஜி.ஆர். நடித்து வந்த படமும் அதைத்தான் சொன்னது. நம்ம வீட்டில் வீரன் வளரலாம், பிறக்கக் கூடாது! பொம்மியோடு போன ஆம்பளையின் ரத்தத்தை மட்டும் மேல்சாதி ரத்தமாக மாற்றிவிட்டால் கதை 'கண்ணியம்' ஆகிவிடுகிறது. ஆனா மாறுகால் மாறுகை வாங்கினபோது அந்த அரச ரத்தம் அவனைக் காப்பாத்தலையே? அந்த வெட்டை நம்ம சனங்க சேர்க்கல்லை, நடந்ததைத்தான் பாடிவந்தாங்க என்றே நான் நினைக்கிறேன். பிறப்புக் கதைதான் பின்னால் ஒட்டவைத்த ஒட்டு.

இன்னொன்றையும் சொல்லியாகணும். இந்த ராத்திரி எல்லாமே ஆம்பளைங்க ராத்திரி. எங்கம்மாவும் அத்தைங்களும் நாத்து நடும்போது பாடினாங்க, எழவு வீட்டில் ஒப்பாரி வெச்சாங்க. அவங்க பாட்டெல்லாம் வேலையோடும் சாவோடும் கட்டிப்போடப்பட்டது. சும்மா உக்காந்து, சிரிச்சு, விடியற வரைக்கும் பாட்டுக் கேக்குற ராத்திரி அவங்களுக்கு ஒண்ணுகூட வாய்க்கவில்லை. ஊர் நமக்குச் செய்ததை நாம் நம்ம பொம்பளைங்களுக்குச் செய்தோம். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறையைத் தோளில் மாட்டி அடிக்கும்போது, அதைத் தலித் ஆண்களுக்குமான பதிலாகத்தான் நான் பார்க்கிறேன்.

இப்போ கேள்விக்கு வருவோம். நமக்குள்ளேயே ரெண்டு கட்சி இருக்கு. 'பறை இழிவு, தூக்கிப் போட்டு எரி' என்பது ஒன்று. 'பறை ஆதித் தமிழன் இசை, அடி' என்பது இன்னொன்று. முதல் கட்சியில் நியாயம் இருக்கு. 1927-ல் மகாடில் செத்த மாட்டைத் தின்பதை விடச் சொன்ன அம்பேத்கர், அடுத்த வருஷமே பரம்பரை ஊழியமான மகார் வதனுக்கு எதிராகப் பம்பாய்ச் சட்டசபையில் மசோதா கொண்டுவந்தார். அடிமைத்தனத்துக்கு மானியம் என்று பேர் வைத்தாலும் அது அடிமைத்தனந்தான் என்பது அவர் நிலை. ஆனால் அதே மகாராஷ்டிரத்தில் அவர் பின்னால் போனவர்கள் தமாஷா வடிவத்தை எடுத்து அம்பேத்கரி ஜல்சாவாக்கி, கிராமம் கிராமமாக இயக்கத்தைக் கொண்டுபோனார்கள். ஊழியத்தை விட்டார்கள், பாட்டை விடவில்லை.

அமெரிக்காவைப் பாருங்கள். 1739-ல் தென் கரோலினாவில் கறுப்பு அடிமைகள் கொட்டு முழக்கிக் கிளர்ந்தார்கள். 1740-ல் வந்த சட்டம் அவர்கள் கொட்டு வைத்திருப்பதையே தடுத்தது. அங்கே ஆண்டை கொட்டைப் பிடுங்கினான். இங்கே ஆண்டை கொட்டைக் கையில் திணித்து 'அடி'ன்னான். ரெண்டும் ஒரே பயந்தான். எப்போது அடிக்கிறது, யாருக்காக அடிக்கிறது என்பதை அடிமை முடிவு பண்ணிடக் கூடாது. ஆக, நம்ம விடுதலை கொட்டை எரிப்பதிலும் இல்லை, கும்பிடுவதிலும் இல்லை. அந்த முடிவை நம்ம கையில் எடுப்பதில் இருக்கு.

2018-ல் சென்னையில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியது. 2025-ல் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. சந்தோஷம். நகரத்துப் பிள்ளைகள் காசு கட்டிப் பறை கத்துக்கிறாங்க. அதுவும் சரி. ஆனா ஒரு கேள்வி: மேடையில் அடிக்கிற மத்த சாதிக்காரர், தன் ஊர்ல, தன் தெருவில் ஒரு சாவு விழுந்தா தோளில் மாட்டிக்கிட்டு வருவாரா? வரமாட்டார் என்றால், பறை பொதுவாகவில்லை. மேடை மட்டுந்தான் பொதுவாகியிருக்கு.

ஆகவே களத்தில் வேலை செய்யும் தோழர்களுக்கும் மாணவர்களுக்கும் மூணு வேலை இருக்கு. ஒன்று, கட்டாயத்தின் பேரில் ஒருத்தரும் சாவுக்கோ நோம்பிக்கோ போகக் கூடாது. போகச் சொல்லி மிரட்டினால் சட்டப்படி வழக்கு. ரெண்டு, விரும்பிப் போகிறவருக்கு முன்பணம், பேசின கூலி காசாக, 'வாங்க போங்க' மரியாதை; சாராயம் கூலி ஆகாது. மூணு, ஒவ்வொரு வளவிலும் இருக்கும் பெரியவங்களிடம் எத்தனை அடி இருக்கோ அத்தனையையும் உக்காந்து கத்துக்குங்க, பொம்பளைப் பிள்ளைகளையும் சேர்த்துக்கிட்டு. எங்க சித்தப்பன் போனபோது அவர் விரல்லே இருந்த அடிகளில் பாதி அவரோடவே போயிடுச்சு. மிச்சம் இருக்கிறவங்களுக்கும் வயசாகுது. ஊர் ஆட நாம் அடித்தது போதும். இனி நாம் ஆட நாம் அடிப்போம்.