பல்லைப் பார்க்கிறார்கள், ஆளைப் பார்ப்பதில்லை

அளவெட்டியிலும் அயற்கிராமங்களிலும் ஒருவர் பல் வைத்தியரிடம் போகும் பயணம் பெரும்பாலும் முதல்நாள் இரவிலேயே தொடங்கிவிடுகிறது. கராம்பு வைத்துப் பார்த்தாயிற்று, உப்புத் தண்ணீர் கொப்பளித்தாயிற்று, இரண்டு பனடோலும் விழுங்கியாயிற்று. விடிந்ததும் தெல்லிப்பழைக்கோ சுன்னாகத்துக்கோ ஓட வேண்டியதுதான். வைத்தியர் நோகிற பல்லைப் பார்க்கிறார். அடைக்க முடிந்தால் அடைக்கிறார். காலம் கடந்திருந்தால் பிடுங்குகிறார். வந்தவர் கன்னத்தைப் பொத்திக்கொண்டு வீடு திரும்புகிறார். இரண்டு மூன்று ஆண்டுகளின் பின் அடுத்த பல்லுக்காக அதே கதிரையில் வந்து அமர்கிறார்.

எந்த வைத்தியரின் கைத்திறமையையும் குறை கூற நான் இதை எழுதவில்லை. பேராதனையில் கற்று வந்த எமது பல் வைத்தியர்கள் எந்த நாட்டிலும் தலைநிமிர்ந்து நிற்கக்கூடியவர்கள். என் முறைப்பாடு வேறு. முதற்பல் சூத்தையான அன்றே, இந்த மனிதருக்கு அடுத்த பல்லும் போகுமா, போகுமென்றால் ஏன் என்ற கேள்வி எழுந்திருக்க வேண்டும். அதற்கு முறைப்படி விடை தேடுவதையே இடர் மதிப்பீடு என்கிறார்கள். பெயர்தான் பெரிது. ஒரு தாள், ஒரு பேனா, ஐந்து நிமிடப் பேச்சு, செலவு அவ்வளவே.

நோய் எல்லோரையும் ஒரே அளவில் தாக்குவதில்லை என்பதைப் பல் மருத்துவ உலகுக்கு உணர்த்திய ஆய்வுகளுள் முக்கியமான ஒன்று எமது நாட்டில்தான் நடந்தது. ஹரால்ட் லோ என்னும் நோர்வேப் பேராசிரியரும் அவரது குழுவினரும் 1970இல் இரண்டு தேயிலைத் தோட்டங்களைச் சேர்ந்த 480 ஆண் தொழிலாளரின் வாய்களைப் பரிசோதித்துக் குறிப்பெடுத்தனர். மலையகத் தமிழர்கள், பதினான்கு முதல் முப்பத்தொரு வயது வரையானோர், பற்தூரிகையும் பற்பசையும் பழக்கமில்லாதவர்கள். 1985 வரை, பதினைந்து ஆண்டுகள், அதே ஆட்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தனர். (சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி கப்பலேற்றியது, 1977, 1983 வன்செயல்கள் என்று அந்த ஆண்டுகளில் மலையகம் பட்ட பாட்டை நான் சொல்லத் தேவையில்லை. கடைசிச் சுற்றில் பரிசோதிக்கப்பட்டோர் 161 பேர்.) முடிவுகள் 1986இல் வெளிவந்தன. எல்லோருடைய பற்களிலும் ஒரே மாதிரி அழுக்கு, ஒரே மாதிரிக் காறை. ஆயினும் ஏறத்தாழ 8 வீதமானோருக்குப் பல்லைத் தாங்கும் இழையங்கள் மிக வேகமாக அழிந்தன. 81 வீதமானோருக்கு மெல்ல அழிந்தன. 11 வீதமானோருக்கோ ஈறு அழற்சியைத் தாண்டி நோய் ஓர் அடியும் நகரவில்லை.

அது ஈறுநோய் பற்றிய ஆய்வு, பற்சிதைவு பற்றியதன்று. ஆனால் அதே அறிக்கை இன்னொரு செய்தியையும் சொல்லிச் செல்கிறது. அந்தத் தொழிலாளரிடையே சூத்தைப்பல் இல்லை என்றே சொல்லலாமாம். விழுந்த பற்கள் யாவும் ஈறுநோயால் விழுந்தவை. பல் துலக்காதவனுக்குச் சூத்தை வரும் என்று சின்ன வகுப்பிலிருந்து கேட்டு வளர்ந்த நமக்கு இது சற்று அதிர்ச்சி தரும். துலக்காமை ஒன்றே சூத்தையை உண்டாக்கிவிடுவதில்லை. வேறு சில காரணங்களும் வந்து கூட வேண்டும்.

அந்தக் காரணங்களுள் தலையாயது சீனி. வாயிலுள்ள நுண்ணுயிர்கள் சீனியை அமிலமாக்குகின்றன. அமிலத்தன்மையைக் குறிக்கும் பிஎச் அளவு ஏறத்தாழ 5.5க்குக் கீழே இறங்கியதும் பல்லின் மேற்பூச்சிலிருந்து சுண்ணச்சத்து கரையத் தொடங்குகிறது. உமிழ்நீர் அரை மணி நேரத்திலோ சற்றுக் கூடுதலான நேரத்திலோ நிலைமையைச் சீராக்கி, கரைந்ததில் ஒரு பகுதியைத் திரும்பப் படியவைக்கிறது. ஆகவே எவ்வளவு சீனி தின்றீர்கள் என்பதைவிட எத்தனை தடவை தின்றீர்கள் என்பது பெரிய கேள்வி. இதை உலகம் அறிந்துகொண்ட வழியும் கசப்பானது. சுவீடனின் விபெஹோல்ம் என்ற இடத்தில், மனவளர்ச்சி குன்றியோருக்கான நிலையத்தில், 1945க்குப் பிந்திய ஆண்டுகளில், அங்கு வாழ்ந்தோருக்கு ஒட்டும் தன்மையுள்ள ரொபிகளைச் சாப்பாட்டுக்கு இடைப்பட்ட நேரங்களில் கொடுத்துப் பல் சிதைகிறதா என்று பார்த்தார்கள். சிதைந்தது. எளியவர்களின் வாயில் கற்ற பாடங்களாகவே பல் மருத்துவத்தின் பாதி வரலாறு இருக்கிறது. கற்ற பாடம் அந்த எளியவர்களின் பிள்ளைகளுக்காவது போய்ச் சேர்ந்திருக்க வேண்டாமா?

மேலைநாடுகள் இந்தப் பாடங்களை எல்லாம் திரட்டி நடைமுறைக் கருவிகளாக்கிவிட்டன. சுவீடனின் மல்மோவில் பேராசிரியர் பிராட்ஹால் உருவாக்கிய 'கேரியோகிராம்' என்ற கணினி நிரல், உணவு, நுண்ணுயிர், உமிழ்நீர் முதலிய விபரங்களைக் கொடுத்தால், புதிய சூத்தை வராமல் தப்பும் வாய்ப்பு இவ்வளவு வீதம் என்று வட்டப் படம் வரைந்து காட்டும். கலிபோர்னியாவில் 'கேம்ப்ரா' என்ற முறை உருவானது. இக்கருவிகள் சோதிடம் அல்ல, தவறுவதும் உண்டு. கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் புதிதாகச் சூத்தை விழுந்ததா என்ற ஒரு கேள்வியே மற்றெல்லாக் கேள்விகளையும்விடத் திறமாக எதிர்காலத்தைக் காட்டுகிறது என்று ஆய்வாளர்களே சொல்கிறார்கள். அந்தக் கேள்விக்குக் கணினி எதற்கு?

எங்கள் ஊருக்கென்று ஒரு தாள் தயாரித்தால் அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்று நான் யோசிப்பதுண்டு. முதலில் தேநீர். ஒரு நாளைக்கு எத்தனை பிளேன்ரீ, அதில் எத்தனை கரண்டி சீனி, கூட விசுக்கோத்து உண்டா? பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேநீர் குடிப்பவர்கள் தங்களுக்கு ஆபத்தில்லை என்று நினைக்கிறார்கள். பனங்கட்டியும் பெரும்பாலும் சீனியே. பல்லில் ஒட்டிக்கொள்வதில் அது வெள்ளைச் சீனிக்குச் சளைத்ததன்று. இலங்கையில் 2016 முதல் மென்பானப் போத்தல்களில் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை என்று சீனியின் அளவைக் காட்டும் குறி இடப்படுகிறது. நூறு மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேற்பட்டால் சிவப்பு. போத்தலுக்கு இடர் மதிப்பீடு செய்துவிட்டோம். குடிக்கிறவருக்குத்தான் இன்னும் செய்யவில்லை.

அடுத்தது குழந்தை. பால் போத்தலை வாயில் வைத்தபடியே நித்திரையாகும் பிள்ளையா? நித்திரையில் உமிழ்நீர் சுரப்பு மிகக் குறைவு. அமிலத்தைக் கழுவ ஆளில்லை. நாட்டின் ஐந்து வயதுக் குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்குச் சூத்தைப்பல் இருக்கிறது. விழுகிற பல்தானே என்று அம்மம்மா சொல்வார். பாற்பல்லில் சூத்தை உள்ள பிள்ளைக்கு நிரந்தரப் பல்லிலும் அது வரும் வாய்ப்பு அதிகம் என்பதைத் தாய்க்கு யாராவது சொல்ல வேண்டும்.

பிறகு மருந்துகள். இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். குருதி அமுக்கத்துக்கும் மனச்சோர்வுக்கும் ஒவ்வாமைக்கும் கொடுக்கப்படும் மாத்திரைகளுள் பல உமிழ்நீரை வற்றச் செய்பவை. என் உறவினர் ஒருவருக்குக் கொழும்பில் ஒரு தனியார் சிகிச்சை நிலையத்தில் ஐந்து ஆண்டுகளில் ஏழு பற்கள் அடைக்கப்பட்டன. என்ன மாத்திரை விழுங்குகிறீர்கள், வாய் காய்கிறதா என்று அந்த ஐந்து ஆண்டுகளில் ஒருவரும் அவரைக் கேட்கவில்லை. வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை பெறுவோரின் நிலை இன்னும் கடினம். உமிழ்நீர்ச் சுரப்பிகள் பழுதாகிச் சில மாதங்களிலேயே பற்கள் வரிசையாகச் சிதையலாம். தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 2011இல் நடந்து திரட்டிய நிதி கைகொடுக்க எழுந்த புற்றுநோய் வைத்தியசாலை தெல்லிப்பழையில், எங்கள் ஊருக்கு அடுத்த வாசலில் இருக்கிறது. ஆகவே இது எமக்குத் தூரத்து விடயமன்று.

தொழிலையும் கேட்கலாம். அளவெட்டி, நாதஸ்வர வித்துவான் என். கே. பத்மநாதன் பிறந்த மண். சீவாளியை உதட்டில் பொருத்தி மணிக்கணக்கில் வாசிக்கும் கலைஞருக்கு முன்பல் என்பது தவிலுக்குத் தோல் மாதிரி. ஒரு முன்பல் போனால் அவருக்கு நேரும் இழப்பும் ஓர் எழுதுவினைஞருக்கு நேரும் இழப்பும் ஒன்றல்ல.

கடைசியாகப் பற்பசை. மூலிகைப் பெயர் தாங்கியவற்றுள் சிலவற்றில் புளோரைட்டு இல்லை. பத்து இலட்சத்தில் ஆயிரம் பங்காவது புளோரைட்டு இருந்தால்தான் சூத்தையைத் தடுப்பதில் பயன். துலக்கி முடிந்ததும் கிணற்றடியில் நின்று வாளித் தண்ணீரில் ஏழெட்டு முறை கொப்பளிக்கும் எங்கள் பழக்கம், காசு கொடுத்து வாங்கிய புளோரைட்டை வாழைப் பாத்திக்கு அனுப்பிவிடுகிறது. துப்பினால் போதும்.

புலம்பெயர்ந்த வாசகர்கள் இதைப் படித்து, எங்களுக்கு ஆறு மாதத்துக்கொரு முறை பல் பார்க்கிறார்களே என்று திருப்திப்படக்கூடும். அந்த ஆறு மாதத்துக்கும் பெரிய அடிப்படை இல்லை. பிரித்தானியாவில் 'நைஸ்' நிறுவனம் 2004இலேயே, பல் வைத்தியரைக் காணும் இடைவெளியை ஆளின் இடரைப் பொறுத்து முடிவு செய்ய வேண்டும் என்று வழிகாட்டியது. வளர்ந்தவர்களுக்கு மூன்று மாதம் முதல் இருபத்து நான்கு மாதம் வரை. பிள்ளைகளுக்கு மூன்று முதல் பன்னிரண்டு வரை. பின்னர் அங்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த பரிசோதனையின் முடிவு 2020இல் வந்தது. ஆறு மாத இடைவெளியில் வந்தோருக்கும் இடர் பார்த்து அழைக்கப்பட்டோருக்கும் வாய் நலத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இடர் குறைந்தோருக்கு இரண்டு ஆண்டு இடைவெளியே போதுமாயிருந்தது. அப்படியானால் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் நல்ல பல்லைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதில் எவ்வளவு நேரம் போகிறது! அளவெட்டியில் கெட்டுப்போகும் பல்லைக் கெடுமுன் பார்க்க அதில் பத்திலொரு பங்கு கிடைத்தாலும் போதும்.

ஏன் இங்கு இது நடப்பதில்லை? தனியார் நிலையத்தில் அடைத்தால் காசு, பிடுங்கினால் காசு, வேரைச் சுத்தம் செய்து உறை போட்டால் பெருங்காசு, பேசினால் ஒன்றுமில்லை. அரசாங்க வைத்தியசாலையில் வெளியே நாற்பது பேர் காத்திருக்கையில் உள்ளே ஐந்து நிமிடப் பேச்சு ஆடம்பரமாகத் தோன்றும். இரண்டு காரணமும் நியாயமானவை. ஆனால் அந்த நாற்பது பேரில் எத்தனை பேர் முன்பும் அதே வரிசையில் நின்றவர்கள் என்று பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தால் ஐந்து நிமிடம் அவ்வளவு ஆடம்பரமாகத் தெரியாது.

அரசாங்கத்திடம் அமைப்பு இல்லாமலும் இல்லை. கொழும்புத் திட்டத்தின் கீழ் நியூசிலாந்தின் உதவியோடு ஐம்பதுகளில் மகரகமையில் தொடங்கிய பயிற்சியின் பயனாக, பாடசாலைப் பற்சிகிச்சையாளர் என்ற ஓர் அருமையான சேவை நமக்குக் கிடைத்தது. பதின்மூன்று வயது வரையான பிள்ளைகளை அவர்கள் பார்க்கிறார்கள். அவர்களுடைய அட்டையில் சூத்தைப் பல்லின் எண்ணோடு, இந்தப் பிள்ளைக்கு இடர் அதிகம், மூன்று மாதத்தில் திரும்பக் காட்டு என்ற ஒரு வரியும் ஏறினால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதியைப் புளோரைட்டுப் பூச்சு செய்யும். ஆண்டுக்கு இரண்டு முதல் நான்கு முறை பூசினால் பாற்பற்களில் சிதைவு சராசரியாக 37 வீதமும் நிரந்தரப் பற்களில் 43 வீதமும் குறைகிறது என்று 2013இல் வெளியான கொக்ரேன் தொகுப்பாய்வு கணக்கிட்டது. துளைக்கும் இயந்திரமும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். ஒரு சிறு தூரிகை போதும்.

ஊரில் பாடசாலைகளுக்குக் கட்டடமும் கணினியும் கொடுக்கும் வெளிநாட்டுப் பழைய மாணவர் சங்கத்தார் சிலர், ஒருநாள் பல் முகாம் நடத்த விரும்புவதாக எனக்கு எழுதியிருந்தார்கள். ஒருநாள் முகாமில் பல் பிடுங்கலாம், படமும் எடுக்கலாம். அதே பணத்தில் அளவெட்டிப் பாடசாலைகளின் முதலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இடர் மதிப்பீடும், இடர் கூடிய பிள்ளைகளுக்கு மூன்று ஆண்டுகளுக்குப் புளோரைட்டுப் பூச்சும் செய்யக்கூடுமா என்று விசாரியுங்கள் என்று பதில் எழுதினேன். தெல்லிப்பழை சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் அனுமதியும் பாடசாலைப் பற்சிகிச்சையாளரின் ஒத்துழைப்பும் இல்லாமல் இதைத் தொடங்க முடியாது, தொடங்கவும் கூடாது. அவர்களுடைய பதிலுக்காகக் காத்திருக்கிறேன்.