ஒட்டுக்கேட்கப்பட்டவர் அறிய வேண்டாமா?

காவிரிப் படுகையில் இன்று வேளாண்மையின் பாதி கைப்பேசியில் நடக்கிறது. மேட்டூரில் திறந்த நீர் கடைமடைக்கு வந்து சேர்ந்ததா, அறுவடை இயந்திரம் எந்த ஊரில் நிற்கிறது, நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதத்தைக் காட்டி நெல்லைத் திருப்பி அனுப்புகிறார்களா என எதையும் ஓர் அழைப்பில் அறிந்துகொள்கிறோம். போராட்டங்களும் அப்படித்தான் திரள்கின்றன. 2017 ஜூன் 30-ஆம் தேதி தஞ்சாவூர் மாவட்டம் கதிராமங்கலத்தில் ஓஎன்ஜிசி குழாயில் கசிவு ஏற்பட்டு, மக்கள் திரண்டு, தடியடியும் கைதுகளும் நடந்தன. அந்த நாள்களில், "இதைத் தொலைபேசியில் பேச வேண்டாம், நேரில் வாருங்கள்" என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த அச்சம் சரியா, வீணா என்று அறிய அவர்களுக்கு அன்றும் வழியில்லை, இன்றும் இல்லை.

டிரங்க் கால் காலத்தில் நிலைமை வேறு. தொலைபேசி நிலையத்தில் அமர்ந்து இணைப்புத் தருபவர் நினைத்தால் பேச்சைக் கேட்கலாம் என்பது ஊருக்கே தெரியும். அதனால் நெல் விலையைக்கூட அளந்தே பேசினார்கள். இன்று கேட்பவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒட்டுக்கேட்கப்படும் அழைப்பில் சிறு இரைச்சல்கூட எழுவதில்லை. குறிப்பிட்ட எண்ணுக்கான பேச்சு, நிறுவனத்தின் இணைப்பகத்திலேயே நகலாகப் பிரிந்து விசாரணை அமைப்பைச் சென்றடைகிறது. யார் யாருடன், எப்போது, எங்கிருந்து பேசினார் என்ற விவரமும் உடன் செல்கிறது. இதற்கான கருவிகளைத் தன் பக்கத்தில் அமைத்துத் தருவது நிறுவனத்தின் உரிம நிபந்தனைகளில் ஒன்று.

இவ்வாறு கேட்க ஆணையிடும் அதிகாரம் யாருக்கு உண்டு? 1885-ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டத்தின் 5(2)-ஆம் பிரிவு அந்த அதிகாரத்தை அரசுக்குத் தந்தது. பொது அவசரநிலை அல்லது பொதுப் பாதுகாப்பு என்ற இரண்டில் ஒன்று இருந்தால்தான் அதைப் பயன்படுத்த முடியும். 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமும் தன் 20(2)-ஆம் பிரிவில் ஏறத்தாழ இதையே தொடர்கிறது. 2024 டிசம்பர் 6-ஆம் தேதி அறிவிக்கப்பட்ட விதிகளின்படி, மத்திய உள்துறைச் செயலரோ மாநில உள்துறைச் செயலரோ ஆணை பிறப்பிக்க வேண்டும். ஓர் ஆணையின் ஆயுள் 60 நாள்கள். நீட்டித்தாலும் மொத்தம் 180 நாள்களைத் தாண்டக் கூடாது. அவசரச் சூழலில் விசாரணை அமைப்பின் உயரதிகாரியே உத்தரவிடலாம். ஆனால் ஏழு வேலை நாள்களுக்குள் செயலரின் ஒப்புதல் கிடைக்காவிட்டால் ஒட்டுக்கேட்பு நின்றுவிட வேண்டும்.

நிறுவனத்தின் பங்கு இங்கே தொடங்குகிறது. ஆணைகளைப் பெறுவதற்கென்றே மூத்த அதிகாரிகள் அமர்த்தப்பட்டிருக்கிறார்கள். வந்த ஆணைகளின் பட்டியலை அவர்கள் 15 நாள்களுக்கு ஒருமுறை விசாரணை அமைப்புக்கு அனுப்பி, அவை உண்மையானவைதாமா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். இந்த நடைமுறை ஏன் தேவை என்பதற்கு ஒரு வழக்கு போதும். 2005-இல் சமாஜ்வாதி கட்சித் தலைவர் அமர் சிங்கின் தொலைபேசி ஒட்டுக்கேட்கப்பட்டது. காவல் துறையின் பெயரில் வந்த கடிதம் போலியானது. எழுத்துப் பிழைகள் மலிந்த அந்தக் கடிதத்தை நம்பி ஒரு தனியார் நிறுவனம் இணைப்பைத் திறந்துவிட்டது. அதைக் கண்டதும் நிறுவனம் விசாரித்திருக்க வேண்டும் என்று 2011-இல் உச்சநீதிமன்றம் கண்டித்தது.

ஆனால் நிறுவனம் சரிபார்க்கக் கூடியது கடிதத்தின் உண்மைத்தன்மையை மட்டுமே. உள்ளே சொல்லப்பட்ட காரணம் சட்டத்துக்குப் பொருந்துமா என்று எடைபோடுவது அதன் வேலை அல்ல. மேலும், மத்திய அரசு அமைத்துள்ள மையக் கண்காணிப்பு முறை, நிறுவன ஊழியரின் கை படாமலேயே இணைப்பை எடுக்க வழி செய்கிறது. இதனால் ரகசியம் கசியும் வாய்ப்பு குறைகிறது என்கிறது அரசு. அது உண்மையே. போலிக் கடிதத்தைக் கண்டு ஐயுறக் கூடிய ஒரு வெளியாளும் அத்துடன் விலகிவிடுகிறார் என்பதும் உண்மை.

அப்படியானால் காரணத்தைச் சரிபார்ப்பது யார்? 2025 ஜூலை 2-ஆம் தேதி சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அளித்த தீர்ப்பு இதற்கு வெளிச்சம் தருகிறது. வருமான வரித் துறை அதிகாரி ஒருவருக்கு 50 லட்சம் ரூபாய் லஞ்சம் தரப்பட்டதாக எழுந்த வழக்கில், ஒரு தனியார் நிறுவன நிர்வாகியின் கைப்பேசியை ஒட்டுக்கேட்க 2011 ஆகஸ்ட் 12-இல் மத்திய உள்துறை ஆணையிட்டிருந்தது. லஞ்சக் குற்றத்தைத் துப்புத் துலக்குவது பொது அவசரநிலையும் ஆகாது, பொதுப் பாதுகாப்பும் ஆகாது என்று கூறிய நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. ஒட்டுக்கேட்டுப் பெற்றவற்றை விதிப்படி மறுஆய்வுக் குழுவின் முன் வைக்கவில்லை என்பதையும் அது சுட்டிக்காட்டியது. அதற்கு ஒரு வாரம் முன்னதாக, ஜூன் 26-இல், தில்லி உயர்நீதிமன்றம் இன்னொரு ஊழல் வழக்கில் நேரெதிராகத் தீர்ப்பளித்திருந்தது. ஊழல் நாட்டின் பொருளாதாரத்தையே பாதிக்கும் என்பதால் ஒட்டுக்கேட்பு செல்லும் என்றது அது.

இரு நீதிமன்றங்களுக்கே இவ்வளவு வேறுபாடு இருக்கும்போது, அன்றாடம் ஆணையிடும் செயலர் ஒருவரின் மதிப்பீட்டை மட்டுமே நம்பியிருக்க முடியுமா? அதற்காகத்தான் மறுஆய்வுக் குழு இருக்கிறது என்பார்கள். மாநிலத்தில் தலைமைச் செயலர், சட்டத் துறைச் செயலர், உள்துறை அல்லாத இன்னொரு செயலர் ஆகியோர் அதன் உறுப்பினர்கள். மத்தியில் அமைச்சரவைச் செயலரின் தலைமையில் இதே போன்ற குழு உண்டு. ஆணையிடுபவரும் அதிகாரி, ஆராய்பவரும் அதிகாரி. நீதிபதி சரிபார்க்க வேண்டும் என்ற கோரிக்கையை 1996-இல் மக்கள் சிவில் உரிமைக் கழக வழக்கில் உச்சநீதிமன்றம் ஏற்காமல், இந்தக் குழு முறையை வகுத்தது.

குழுவின் பணிச்சுமையையும் பார்க்க வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒருமுறை வெளிவந்த தகவலின்படி, மத்திய அரசு மட்டும் மாதத்துக்கு 7,500 முதல் 9,000 ஆணைகள் வரை பிறப்பித்தது. இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கூடும் குழு, ஒரே அமர்வில் 15,000 முதல் 18,000 ஆணைகள் வரை ஆராய வேண்டும். இது நடைமுறைக்கு ஒவ்வாதது என்று 2018-இல் நீதிபதி பி.என். ஸ்ரீகிருஷ்ணா குழு தன் அறிக்கையில் எழுதியது.

சென்னை வழக்கில் 2011-இன் தவறு 2025-இல் திருத்தப்பட்டது என்றால், காரணம் மறுஆய்வுக் குழு அல்ல. குற்ற வழக்கு தொடரப்பட்டதால், ஒட்டுக்கேட்பு ஆணை வெளிச்சத்துக்கு வந்தது. வழக்குரைஞர் வாதாட முடிந்தது. குற்றம் எதுவும் செய்யாத, எந்த வழக்கிலும் சேர்க்கப்படாத ஒருவரின் பேச்சு ஆறு மாதம் கேட்கப்பட்டிருந்தால், அவருக்கு அது ஒருபோதும் தெரியவராது. குறித்த காலத்தில் பதிவுகளையும் அழித்துவிட வேண்டும் என்பது விதி. குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கிடைக்கும் நியாயம், குற்றமற்றவருக்குக் கிடைக்க வழியில்லாத விசித்திர நிலை இது.

ஒட்டுக்கேட்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. வேதாரண்யம் கடற்கரை வழியே நடக்கும் கஞ்சாக் கடத்தலைக் கண்காணிக்க அரசுக்கு இந்தக் கருவி தேவை. நடக்கும்போது அது ரகசியமாக இருக்க வேண்டும் என்பதிலும் மறுப்பில்லை. விசாரணை முடிந்த பிறகும் ரகசியம் எதற்கு? ஜெர்மனியில் தொலைபேசிக் கண்காணிப்பு முடிந்தபின் உரியவருக்குத் தெரிவிப்பது சட்டக் கடமை. விசாரணைக்குக் கேடு வருமானால் தள்ளிப்போடலாம். பிரிட்டனில் அமைச்சர் ஆணையிட்டாலும் நீதித் துறை ஆணையரின் ஒப்புதலும் வேண்டும். அமெரிக்காவில் குற்ற வழக்குகளுக்கான ஒட்டுக்கேட்பு ஆணைகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் அறிக்கையாக வெளியாகிறது.

நாமும் மூன்றைச் செய்யலாம். மறுஆய்வுக் குழுவில் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரையாவது சேர்க்க வேண்டும். விசாரணை முடிந்து, ஆபத்து நீங்கியபின் உரியவருக்குத் தெரிவிக்க வேண்டும். எண்களும் பெயர்களும் இல்லாமல், ஆணைகளின் எண்ணிக்கையை மட்டும் மத்திய, மாநில அரசுகள் ஆண்டுக்கு ஒருமுறை சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் வைக்க வேண்டும். இதில் மூன்றாவதற்குச் செலவும் இல்லை, எந்த விசாரணைக்கும் கேடும் இல்லை. அதிலிருந்தே தொடங்கலாம்.

மேட்டூர் அணையின் நீர்மட்டம் எவ்வளவு, எத்தனை கன அடி திறக்கப்பட்டது என்பது நாள்தோறும் நாளிதழில் வருகிறது. அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் கடைமடை உழவர் நாற்று விடுகிறார். நீரை நாள்தோறும் கணக்குக் காட்டும் அரசு, குடிமக்களின் பேச்சைக் கேட்டதற்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது கணக்குக் காட்டட்டும்.