முற்றுகையும் தூரிகையும்

பழவங்காடி பிள்ளையார் கோயிலைச் சுற்றியுள்ள டீக்கடைகளில் மாலை வேளையில் தமிழ்ப் பேச்சுக்குப் பஞ்சமிராது. சாலைக் கம்போளத்தில் மூட்டை தூக்குவோர், ஜவுளிக்கடைச் சிப்பந்திகள், ஆபீஸ் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும் குமாஸ்தாக்கள் எல்லோருக்கும் ஒரே பேப்பர்தான். காஸாவில் குண்டுமழைக்கு நடுவே ஒருவர் படம் வரைகிறார் என்று செய்தி வந்தால், "சோத்துக்கே வழியில்லாத இடத்துல படம் எதுக்கு அண்ணாச்சி?" என்று ஒருவராவது கேட்பார்.

பசி அறிந்தவன் கேட்கும் நியாயமான கேள்விதான். ஆனால் அதை முற்றுகையிட்டவனிடமல்லவா கேட்க வேண்டும்? படம் ஒன்றுக்கும் உதவாதது என்றால், அதைக் கண்டு அவனுக்கு ஏன் அச்சம்?

1979-இல் ரமல்லா நகரில் பாலஸ்தீன ஓவியர்கள் 'காலரி 79' என்ற படக்கூடத்தைத் திறந்தார்கள். மறு ஆண்டே இஸ்ரேல் ராணுவம் அதை மூடிவிட்டது. சிவப்பு, பச்சை, கறுப்பு, வெள்ளை நான்கையும் சேர்த்து வரையக் கூடாது. அவை பாலஸ்தீனக் கொடியின் வண்ணங்களாம். அப்படியானால் பூ வரையலாமா என்று கேட்டதற்கு, தர்ப்பூசணி வரைந்தாலும் பறிமுதல்தான் என்று அதிகாரி சொன்னாராம். ஓவியர் ஸ்லிமான் மன்சூர் கூறியுள்ள சம்பவம் இது. அதே தர்ப்பூசணியை இன்று உலகெங்கும் ஊர்வல அட்டைகளில் காணலாம். அதிகாரியே சின்னம் தேடிக் கொடுத்துவிட்டார்!

1987-இல் மக்கள் கிளர்ச்சி மூண்டபோது இஸ்ரேலியச் சாயத்தைத் தொடுவதில்லை என்று மன்சூரும் அவருடைய தோழர்கள் நபீல் அனானி, வேரா தமாரி, தைசீர் பரக்காத் ஆகியோரும் தீர்மானித்தார்கள். தோல், மருதாணி, காப்பி என்று கைக்கெட்டியதெல்லாம் வண்ணமாயிற்று. மன்சூர் எடுத்தது களிமண். பாட்டி மண் அடுப்பு செய்தபோது சிறு வயதில் கூட இருந்து பழகிய கை அது. உலர்ந்ததும் மண் வெடித்தது. அந்த வெடிப்பையே அவர் படத்தின் முகமாக ஆக்கிக்கொண்டார்.

இது எங்கோ அரபு நாட்டுச் சங்கதி என்று தமிழன் தள்ளிவிட முடியாது. 1981-இல் யாழ்ப்பாண நூலகத்தில் சுமார் 97,000 நூல்களைக் கொளுத்தியவர்களுக்கு ஏட்டின் வலிமை தெரிந்தேயிருந்தது. 1985-இல் குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி, க. சிதம்பரநாதன் நெறிப்படுத்திய 'மண் சுமந்த மேனியர்' நாடகம் அந்த மண்ணில் ஊர் ஊராக நடிக்கப்பட்டது. 1990-க்குப் பின் பொருளாதாரத் தடை வந்தது. மின்சாரம் இல்லை, பெட்ரோல் இல்லை, பேட்டரி கூட இல்லை. சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, டைனமோவைச் சுழற்றி ரேடியோ கேட்டார்கள். பத்திரிகைக் காகிதம் கிடைக்காதபோது பள்ளிக்கூடக் கோடு போட்ட தாளில் பேப்பர் அச்சாயிற்று. அரிசிக்கும் மருந்துக்கும் அலைந்த மக்களே அதைக் கைமாற்றிப் படித்தார்கள். சோறு முதலில், கலை பிறகு என்று அவர்கள் வரிசை போடவில்லை.

படம் குண்டைத் தடுக்குமா என்றால், தடுக்காது. காஸாவின் ஓவியர் ஹெபா ஸகூத், 2023 அக்டோபர் 13-இல் தம் பிள்ளைகள் இருவருடன் விமானத் தாக்குதலில் மாண்டார். வீட்டையும் படக்கூடத்தையும் இழந்த மைசரா பாரூத், ஓரிடம் விட்டு ஓரிடம் பெயர்ந்தபடியே நாள்தோறும் கறுப்பு மையில் ஒரு படம் வரைந்து வெளியிட்டார். 'நான் இன்னும் உயிரோடிருக்கிறேன்' என்பது அந்த வரிசைக்கு அவர் வைத்த பெயர். நண்பர்களுக்கு அதுவே தந்தி.

இந்த ஊரிலும் அந்த அச்சத்தின் சாயலைக் காண நேர்ந்தது. 2025 டிசம்பரில் நடந்த 30-ஆவது கேரள சர்வதேசத் திரைப்பட விழாவில், பாலஸ்தீனம் பற்றியவை உட்பட 19 படங்களுக்கு மத்திய அரசின் அனுமதி முதலில் கிட்டவில்லை. மாநில அரசு எதிர்த்து நின்றது. பிறகு பல படங்களுக்கு அனுமதி வந்தது. வெறும் பொழுதுபோக்குக்கு டில்லி இவ்வளவு மெனக்கெடுமா?

விழா வழக்கமாக டிசம்பரில் வரும். பழவங்காடியிலிருந்து நடந்தே போகக்கூடிய ஸ்ரீ பத்மநாபா தியேட்டரிலும் படங்கள் காட்டுவது உண்டு. முன்கூட்டியே பெயர் பதிந்து பாஸ் வாங்க வேண்டும். அண்ணாச்சி ஒரு நாள் கடையைச் சற்று முன்னதாக அடைத்துவிட்டு, கேள்வி கேட்டவரையும் கூட்டிக்கொண்டு போய் உட்காரலாம்.