450 வாட் என்று ஒட்டினால் போதுமா?

சென்னை ரிச்சி தெருவுக்குக் குறைந்த பட்ஜெட்டில் டெஸ்க்டாப் கட்ட வருகிறவர்கள், பிராசசருக்கும் ரேமுக்கும் நாலு கடை ஏறி இறங்கி விலை கேட்பார்கள். எஸ்எம்பிஎஸ் என்று வந்துவிட்டால், கேபினெட்டோடு சேர்த்துத் தருவதை அப்படியே வாங்கிக்கொள்வார்கள். மதர்போர்டு, கிராபிக்ஸ் கார்டு, எஸ்எஸ்டி எல்லாவற்றுக்கும் மின்சாரம் அந்த ஒரு பெட்டி வழியாகத்தான் போகிறது. காசு மிச்சம் பிடிக்கக் கூடாத இடத்தில்தான் முதலில் மிச்சம் பிடிக்கிறார்கள்.

கேபினெட்டோடு வரும் எஸ்எம்பிஎஸ்ஸில் பெரிய எழுத்தில் 450 வாட் என்றிருக்கும். பார்க்க வேண்டியது அந்த எண்ணை அல்ல. பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு நேரே எழுதியிருக்கும் ஆம்பியரை. 2000இல் பென்டியம் 4 வந்தபோது, பிராசசருக்கென்று 12 வோல்ட்டில் தனியாக நாலு பின் இணைப்பு சேர்ந்தது. இன்று பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் தங்களுக்கு வேண்டியதில் பெரும்பகுதியை 12 வோல்ட்டிலிருந்துதான் எடுக்கின்றன. ஸ்டிக்கரில் 16 ஆம்பியர் என்றிருந்தால், 12ஐயும் 16ஐயும் பெருக்கினால் 192 வாட்தான். மீதிக் கணக்கு, இன்றைய கணினி அதிகம் தொடாத 5 வோல்ட், 3.3 வோல்ட் பக்கம் கிடக்கிறது. உண்மையான 450 வாட் எஸ்எம்பிஎஸ் ஏறக்குறைய முழுவதையும் 12 வோல்ட்டிலேயே தர வேண்டும். அதாவது 36, 37 ஆம்பியர்.

ஒரு கணினியை எடுத்துக்கொள்வோம். இன்டெல் கோர் ஐ3-12100எஃப் உச்சத்தில் 89 வாட் இழுக்கும். 8 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050 கார்டு 130 வாட். இரண்டும் சேர்ந்தே 219. மதர்போர்டு, ரேம், விசிறிகளுக்கு இன்னும் ஒரு 40, 50 வாட் சேர்த்துக்கொள்ளலாம். 192 வாட் தரும் பெட்டி இங்கே மூச்சுத் திணறும். நேர்மையான 450 வாட் பெட்டிக்கு இது பாதி வேலைக்குச் சற்றே அதிகம். கிராபிக்ஸ் கார்டே இல்லாமல் ரைசன் 5 5600ஜி போட்டுப் பிள்ளைகள் படிக்கவும் கடைக் கணக்கு எழுதவும் வைத்திருக்கும் கணினிக்கு 150 வாட்டே தாராளம். அதற்குப் போய் 750 வாட் வாங்கச் சொல்வதும் வாடிக்கையாளரின் காசை வீணடிப்பதுதான்.

2004இல் தொடங்கிய 80 பிளஸ் சான்று ஓரளவு கைகொடுக்கும். சுமை 20, 50, 100 சதவீதமாக இருக்கும்போது, எடுக்கும் மின்சாரத்தில் குறைந்தது 80 சதவீதத்தையாவது கணினிக்குத் தர வேண்டும் என்பது அதன் அடிப்படை விதி. போலி வாட் எழுதுகிற பெட்டி இந்தச் சோதனையில் தேறாது. ஆனால் இது சிக்கனத்துக்கான சான்று, பாதுகாப்புக்கானது அல்ல. கிகாபைட் நிறுவனத்தின் ஜிபி-பி750ஜிஎம், 80 பிளஸ் கோல்டு வாங்கியிருந்த மாடல். 2021இல் கேமர்ஸ் நெக்சஸ் என்ற யூடியூப் சேனல் அதைச் சோதித்தபோது பல பெட்டிகள் வெடித்துச் செத்தன. அளவுக்கு மீறிச் சுமை ஏறினால் நிறுத்த வேண்டிய பாதுகாப்புச் சுற்று, 120 முதல் 150 சதவீதம் வரை பொறுத்துக்கொண்டிருந்தது. அதை 110 முதல் 120 சதவீதமாகக் குறைத்துவிட்டதாக அறிவித்த நிறுவனம், குறிப்பிட்ட வரிசை எண்களுக்கு மாற்றுப் பெட்டி தரவும் முன்வந்தது. ஆகவே சான்றோடு, அந்த மாடலைப் பிரித்துச் சோதித்தவர்கள் என்ன சொன்னார்கள் என்பதையும் தேடிப் படிக்க வேண்டும்.

நம் ஊரில் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். 80 பிளஸ் சோதனை நடப்பது 23 டிகிரி வெப்பத்தில். மே மாதத்து வேலூரில் வெளியிலேயே 40 டிகிரியைத் தாண்டும்; கேபினெட்டுக்குள் அதற்கும் மேல். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கெபாசிட்டரின் வெப்பம் 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும். நல்ல தயாரிப்பாளர்கள் 105 டிகிரி தாங்கும் கெபாசிட்டர் போடுகிறார்கள், 40 அல்லது 50 டிகிரியிலும் முழு வாட் கிடைக்கும் என்று வெளிப்படையாக எழுதுகிறார்கள். மலிவுப் பெட்டியில் இந்த விவரமே இருக்காது.

கரண்ட் போகும்போது கணினி ரீஸ்டார்ட் ஆகிறதென்றால், பலரும் யுபிஎஸ்ஸின் பேட்டரியைத்தான் சந்தேகப்படுவார்கள். வீட்டு யுபிஎஸ் பேட்டரிக்கு மாறச் சில மில்லி விநாடிகள் பிடிக்கும். அந்த இடைவெளியை எஸ்எம்பிஎஸ் தன் கெபாசிட்டரில் தேக்கிய மின்சாரத்தால் தாண்ட வேண்டும். இன்டெலின் ஏடிஎக்ஸ் வழிகாட்டி கேட்பது சுமார் 16 மில்லி விநாடி. கெபாசிட்டரைச் சின்னதாக்கிக் காசு பார்த்த பெட்டியால் அது முடியாது. வீட்டு இன்வெர்ட்டரில் கணினியை ஓட்டுகிறவர்கள், அதை யுபிஎஸ் மோடில் வைத்திருக்கிறார்களா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். சாதாரண மோடில் மாறும் நேரம் இன்னும் நீளும்.

நல்ல எஸ்எம்பிஎஸ்ஸுக்குக் கூடுதலாகத் தேவைப்படுவது இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய். கண்ணாடிக் கதவும் வண்ண விளக்கு விசிறியும் வைத்த கேபினெட்டை விட்டுவிட்டுச் சாதாரணத் தகரக் கேபினெட் எடுத்தால் அதில் பெரும்பகுதி கிடைத்துவிடும். ஐந்து வருட வாரன்டி உள்ள பெட்டி அடுத்த கணினிக்கும் உழைக்கும். கடைகளும் பில்லில் வெறுமனே '450 வாட் எஸ்எம்பிஎஸ்' என்று எழுதாமல், தயாரிப்பாளர் பெயரையும் மாடல் எண்ணையும் 12 வோல்ட் ஆம்பியரையும் எழுதித் தர வேண்டும். அப்போதுதான் வாங்கியவர் வீட்டுக்குப் போய்ச் சரிபார்க்கவும், பெட்டி செத்தால் வாரன்டி கேட்கவும் முடியும்.