மனத்துக்கு மருத்துவர் தேடும்போது

நம் இளம்பிள்ளையில் ஒரு தறி நின்றுவிட்டால் நல்ல மெக்கானிக் யாரென்று பத்துப் பேரிடம் விசாரிக்கிறோம். நூல் வாங்கினால் இழையை இழுத்துப் பார்க்கிறோம்; சாயம் நிற்குமா என்று கேட்கிறோம். ஆனால், வீட்டில் ஒருவர் உறக்கம் கெட்டு, உணவு வெறுத்து, யாரோடும் பேசாமல் மூலையில் உட்கார்ந்துவிட்டால் மட்டும் நாம் எவரிடமும் விசாரிப்பதில்லை. ஊருக்குத் தெரியாமல், யாரோ காதோடு சொன்ன இடத்திற்கு அழைத்துச் செல்கிறோம். ஏன்? வெட்கம்! அங்கே மருத்துவரைத் தேர்ந்தெடுப்பது நாமல்ல, நம் வெட்கமே.

அந்த வெட்கத்தின் விலையைத் தமிழகம் ஒருமுறை கண்டது. 2001 ஆகஸ்ட் 6 அன்று, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளைத் தங்க வைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட வழியின்றிக் கருகினர். மாண்டவர் 28 பேர். இத்தகைய இடங்களில் நோயாளிகளை விட்டுவந்தவர்கள் பகைவர்களா? இல்லை, குடும்பத்தார்தாம்! இன்று, 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியைச் சங்கிலியிடுவதை அறவே தடை செய்கிறது.

கோயிலுக்குச் செல்வதை நான் குறை கூறவில்லை. அமாவாசையன்று கஞ்சமலைச் சித்தர் கோயிலுக்குச் சென்று ஆறுதலோடு திரும்புவோர் பலர். ஆனால் ஆறுதல் வேறு, மருத்துவம் வேறு. மருத்துவம் என்று வரும்போது நான்கு கேள்விகளைக் கூசாமல் கேட்க வேண்டும்.

முதலாவது, "என்ன படித்திருக்கிறீர்கள்?" மனநல மருத்துவர் என்பவர் மருத்துவப் பட்டம் பெற்று, அதன்மேல் மனநலத்தைச் சிறப்பாகக் கற்றவர், மாத்திரை எழுதித் தர உரிமை உடையவர். மருத்துவ உளவியலாளர் மாத்திரை தருபவர் அல்லர். பேச்சின் வழியாகவும் பயிற்சியின் வழியாகவும் குணப்படுத்துபவர். அவர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். 'ஆலோசகர்' என்று பலகை மாட்டியவர் எல்லாம் ஒரே படிப்புப் படித்தவர் அல்லர்.

இரண்டாவது, "நான் சொல்வது வெளியே போகுமா?" இரகசியம் காப்பது அவர் நமக்குச் செய்யும் தயவன்று, சட்டம் நமக்களித்த உரிமை. உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைகளே விதிவிலக்கு.

மூன்றாவது, "எத்தனை நாள் ஆகும்? எவ்வளவு செலவாகும்?" மூன்றே நாளில் முழுக் குணம் என்று உறுதி கூறுபவரிடம் எச்சரிக்கையாக இருப்போம். நல்லவர், "இரண்டு மூன்று முறை பார்த்த பின்பே சொல்ல முடியும்" என்பார்.

நான்காவது நமக்கு நாமே கேட்டுக்கொள்ள வேண்டியது: "இவர் காது கொடுத்துக் கேட்கிறாரா?" நோயாளியை அதட்டுபவரும், கல்யாணம் செய்து வைத்தால் சரியாகிவிடும் என்பவரும் நமக்கு வேண்டா. சில சந்திப்புகளுக்குப் பின்னும் மனம் ஒட்டவில்லை எனில் வேறொருவரை நாடலாம், அதில் பாவமில்லை. ஆனால், மாத்திரையைத் தாமாக நிறுத்துதல் கூடாது.

"கேள்வி கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரே?" என்று சிலர் அஞ்சலாம். தொழில் தெரிந்தவர் கேள்விக்குக் கோபிப்பதில்லை.

பணமில்லையே என்ற தயக்கமும் வேண்டாம். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. அங்கே கூட்டம் அதிகம், பேசும் நேரம் குறைவு என்பது மெய்யே. ஆயினும் கட்டணமும் ஒளிவுமறைவும் இல்லை. 2022இல் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

மாணவ நண்பர்களே! வங்கியிலும் தாலுகா அலுவலகத்திலும் நம் பெற்றோருக்குப் படிவம் நிரப்பித் தருபவர்கள் நாம்தாம். மருத்துவரின் அறையிலும் அவர்கள் கேட்கத் தயங்கும் கேள்வியை நாமே கேட்போம். நாம் கற்ற கல்விக்கு அதைவிட நல்ல பயன் ஏது?